பெயரில் ஆர்ட்ஸ், உள்ளே அணு உலை

அமெரிக்காவின் சின்னஞ்சிறு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் அறிவியலும் கணிதமும் படிக்கப் போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால் தரவரிசையை மூடிவைத்துவிட்டு, மூன்றாம் ஆண்டுப் பாடப்பட்டியலையும் உதவித்தொகை விதிகளையும் முதலில் படிக்க வேண்டும்.

'லிபரல் ஆர்ட்ஸ்' என்ற பெயரே பல பெற்றோரைப் பாதி வழியில் திருப்பி அனுப்பிவிடுகிறது. பிளஸ் டூவில் கணக்கிலும் இயற்பியலிலும் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையை யாராவது ஆர்ட்ஸ் காலேஜில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்களா? அதுவும் கோடிக்கணக்கில் செலவழித்து, கடல் கடந்து? எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். ரீட், கிரின்னல், ஹேவர்ஃபோர்டு என்றால் கல்யாண வீட்டில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் இருக்கும் ரீட் கல்லூரியின் வளாகத்துக்குள் ஓர் அணு உலை இயங்குகிறது. 250 கிலோவாட் திறன்கொண்ட ஆராய்ச்சி உலை அது. 1968ல் இயங்கத் தொடங்கியது. அதை இயக்குபவர்களில் பெரும்பாலோர் இளநிலை மாணவர்கள். பயிற்சி பெற்று, தேர்வெழுதி, அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடம் உரிமம் வாங்கிய பிறகே கட்டுப்பாட்டு அறையில் அவர்கள் உட்கார முடியும். இதே கல்லூரியில்தான் முதலாண்டு மாணவர்கள் எல்லோரும், இயற்பியல் படிக்க வந்தவர்கள் உட்பட, இலக்கியமும் வரலாறும் தத்துவமும் கலந்த ஒரு பாடத்தைக் கட்டாயமாகப் படிக்கிறார்கள்.

இதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஐரோப்பாவின் பழைய கணக்கில் லிபரல் ஆர்ட்ஸ் என்பவை ஏழு. இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை ஆகிய மூன்று போக, மீதி நான்கும் எண்கணிதம், வடிவியல், வானியல், இசை. நம்மூர் ஆயகலைகள் அறுபத்து நான்கின் பட்டியலிலும் கணிதம் உண்டு. 'கலை' என்றாலே கணக்கு வராதவர்கள் போகும் இடம் என்ற எண்ணம், பிளஸ் ஒன்னில் குரூப் பிரித்த பிறகு வந்தது.

சின்ன ஊர், பெரிய பட்டியல்

இந்தக் கல்லூரிகள் பெரும்பாலும் சிறிய ஊர்களில் இருப்பவை. ஆயிரம் முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் மாணவர்கள். இளநிலைப் பட்டம் மட்டுமே அல்லது பெரும்பாலும் அதுவே. கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரியில் சுமார் 900 பேர்தான் படிக்கிறார்கள். பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோரிலும் அயோவாவின் கிரின்னலிலும் சுமார் 1,700 பேர். நம்மூரில் நடுத்தரமான ஒரு மேல்நிலைப் பள்ளியின் அளவு.

ஆனால் இவற்றின் முன்னாள் மாணவர் பட்டியல் மலைக்க வைக்கிறது. 1975ல் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்ட மூவரில் டேவிட் பால்டிமோர், ஹோவர்டு டெமின் ஆகிய இருவரும் ஸ்வார்த்மோரில் படித்தவர்கள். 2006ல் இயற்பியல் நோபல் பெற்ற ஜான் மேதரும் அதே கல்லூரி. 1993ல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோசப் டெய்லர் ஹேவர்ஃபோர்டின் தயாரிப்பு. மரபணுவைத் திருத்தும் கிரிஸ்ப்பர் முறைக்காக 2020ல் வேதியியல் நோபல் பெற்ற ஜெனிஃபர் டௌட்னா பொமோனாவில் பட்டம் பெற்றவர். அங்கே அவர் ஒரு கட்டத்தில் வேதியியலை விட்டு ஃபிரெஞ்சு மொழிக்கு மாறலாமா என்று யோசித்ததுண்டு. அறிவியலிலேயே இரு என்று அவருக்குப் புத்தி சொன்னவர் ஃபிரெஞ்சு ஆசிரியர்.

ஓபர்லின் கல்லூரியின் கதை இன்னும் பழையது. அங்கே 1885ல் பட்டம் வாங்கிய சார்லஸ் மார்ட்டின் ஹால், தன் வேதியியல் பேராசிரியர் ஃபிராங்க் ஜூயட்டின் ஊக்கத்தோடு வீட்டில் பரிசோதனைகளைத் தொடர்ந்தார். 1886 பிப்ரவரியில், மின்சாரத்தைக் கொண்டு அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பு அரிய பொருளாக இருந்த அலுமினியம் சமையலறைப் பாத்திரமாக மாறியது இதற்குப் பிறகுதான். மதுரைக்காரர்களுக்கு ஓபர்லின் புதிய பெயரல்ல. ஷான்சி திட்டத்தின்கீழ் அதன் பட்டதாரிகள் அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் கற்பிக்க வந்திருக்கிறார்கள்.

கிரின்னலுக்கு வேறொரு பெருமை. பெல் லேப்ஸில் டிரான்சிஸ்டர் பிறந்த சில காலத்துக்குள்ளேயே அதைப் பற்றி இயற்பியல் பேராசிரியர் கிரான்ட் கேல் தன் மாணவர்களுக்குக் கற்பித்தார். அந்த மாணவர்களில் ஒருவர் ராபர்ட் நாய்ஸ். பின்னாளில் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர்.

நட்சத்திரங்களை மட்டும் காட்டி எந்தக் கல்லூரியும் பெருமையடிக்கலாம். எண்ணிக்கை என்ன சொல்கிறது? கிரின்னலில் படித்து 1989ல் வேதியியல் நோபல் பெற்ற தாமஸ் செக், 1999ல் 'டேடலஸ்' இதழில் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். நான்காண்டுப் படிப்பில் சேரும் அமெரிக்க மாணவர்களில் சுமார் 8 சதவீதம் பேரே இத்தகைய கல்லூரிகளுக்குப் போகிறார்கள். ஆனால் அறிவியலில் பி.எச்டி. பெறுபவர்களில் 17 சதவீதம் பேர் இங்கிருந்து வந்தவர்கள். அதாவது, சராசரியைப்போல இரண்டு மடங்கு. பட்டதாரிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, பிறகு பி.எச்டி. வரை போனவர்களை எண்ணும் பட்டியல்களில் கால்டெக், எம்.ஐ.டி. போன்ற ஜாம்பவான்களோடு ஹார்வி மட், ரீட், ஸ்வார்த்மோர், கார்ல்டன், கிரின்னல் ஆகியவையும் முன்வரிசையில் நிற்கின்றன.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு கல்லூரியின் திறமையை மட்டும் அளக்கவில்லை. ஆராய்ச்சி ஆர்வம் உள்ளவர்கள் இத்தகைய இடங்களைத் தேடிப் போகிறார்கள் என்பதையும் சேர்த்தே அளக்கிறது. பட்டம் முடித்ததும் வேலை என்று நினைப்பவருக்கு இந்தப் பட்டியல் அதிகம் உதவாது.

லேப் சாவி யார் கையில்?

பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு கால்குலஸ் வகுப்பில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருப்பது சகஜம். வீட்டுப்பாடத்தைத் திருத்துவதும் லேபை நடத்துவதும் முதுநிலை மாணவர்கள். பேராசிரியரின் ஆய்வில் முதல் உரிமை பி.எச்டி. மாணவர்களுக்கு. அடுத்தது அங்கே பணியாற்றும் இளம் ஆய்வாளர்களுக்கு. இளநிலை மாணவரின் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது.

சிறிய கல்லூரியில் இந்த இடைத்தட்டு கிடையாது. பாடம் நடத்துபவரும், சந்தேகம் தீர்ப்பவரும், பிறகு பி.எச்டி.க்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுபவரும் ஒரே பேராசிரியர். விலையுயர்ந்த கருவியில் கைவைக்க வேண்டியவர் இரண்டாம் ஆண்டு மாணவரேதான். வேறு ஆள் இல்லை. வில்லியம்ஸ் கல்லூரியின் 'டுடோரியல்' வகுப்பில் ஒரு பேராசிரியர் முன்பு இரண்டே மாணவர்கள் உட்காருகிறார்கள். ஒருவர் தன் வேலையை முன்வைக்க, மற்றவர் அதைக் கேள்வி கேட்கிறார். கடைசி பெஞ்சில் பதுங்க வழியே இல்லை.

கற்பிக்கும் முறையை மாற்றினால் யார் படிக்க வருகிறார்கள் என்பதே மாறும் என்பதற்கு ஹார்வி மட் உதாரணம். கணிதவியலாளரும் கம்ப்யூட்டர் விஞ்ஞானியுமான மரியா கிளாவே அதன் தலைவராகப் பொறுப்பேற்ற 2006ல், கம்ப்யூட்டர் சயன்ஸைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்களில் பெண்கள் சுமார் 10 சதவீதமே. அறிமுகப் பாடத்தை ஜாவாவிலிருந்து பைத்தானுக்கு மாற்றினார்கள். முன்னனுபவம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் வெவ்வேறு வகுப்பாகப் பிரித்தார்கள். எல்லாம் தெரிந்த பையன்கள் பேசிப்பேசியே மற்றவர்களை மிரட்டும் நிலை அகன்றது. 2016ல் அங்கே கம்ப்யூட்டர் சயன்ஸில் பட்டம் பெற்றவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

பெண்கள் கல்லூரிகளையும் மறந்துவிடக் கூடாது. நவீன இயற்கணிதத்தின் தாய் என்று சொல்லத்தக்க எமி நோதர், ஹிட்லரின் ஜெர்மனியில் வேலையை இழந்த பிறகு 1933 முதல் 1935ல் இறக்கும்வரை கற்பித்த இடம் பிரின் மார் என்ற பெண்கள் கல்லூரி. ஸ்மித், பொறியியல் பட்டம் வழங்கும் பெண்கள் கல்லூரி.

முதலாண்டு எல்லா இடத்திலும் இனிக்கும்

குறை இல்லையா? உண்டு. அது முதலாண்டில் தெரியாது என்பதுதான் சிக்கல். சிறிய வகுப்பு, பெயர் சொல்லிக் கூப்பிடும் பேராசிரியர் என்று முதலாண்டு எல்லாக் கல்லூரிகளிலும் இனிக்கும். உண்மையான பரீட்சை மூன்றாம் ஆண்டில்தான்.

சிறிய கல்லூரியின் கணிதத் துறையில் பத்துப் பேராசிரியர்கூட இல்லாமல் இருக்கலாம். ரியல் அனாலிசிஸும் அப்ஸ்ட்ராக்ட் ஆல்ஜீப்ராவும் எங்கும் இருக்கும். அவற்றைத் தாண்டி டோபாலஜி, காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ், எண் கோட்பாடு, இரண்டாம் நிலை ஆல்ஜீப்ரா? பல கல்லூரிகளில் இவை ஆண்டுவிட்டு ஆண்டுதான் நடக்கும். பாடத்திட்டப் புத்தகத்தில் அச்சாகியிருக்கும். மூன்று ஆண்டுகளாக யாரும் நடத்தியிருக்கமாட்டார்கள். ஒலிம்பியாடுக்குத் தயாராகி, கால்குலஸை முடித்துவிட்டுப் போகும் மாணவர் இரண்டாம் ஆண்டு முடிவிலேயே ஏணியின் உச்சியைத் தொட்டுவிடக்கூடும். பிறகு இரண்டு ஆண்டுகள் என்ன செய்வது?

எனவே, பாடத்திட்டப் புத்தகத்தை நம்பாமல், கடந்த நான்கு பருவங்களில் உண்மையில் எந்தெந்த மேல்நிலைப் பாடங்கள் நடந்தன என்ற கால அட்டவணையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கல்லூரிகள் இதை வெளிப்படையாகவே தருகின்றன. இயற்பியலுக்குக் குவான்டம் மெக்கானிக்ஸ் ஒரு பருவமா, இரண்டா? வேதியியலுக்கு ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரியோடு தனி லேப் உண்டா? புள்ளியியலுக்கு என்று பேராசிரியர் இருக்கிறாரா, அல்லது கணித ஆசிரியரே சமாளிக்கிறாரா? பதில்கள் பத்து நிமிடத்தில் கிடைக்கும். ஆனால் பார்ப்பவர்கள் குறைவு.

ஏணி குட்டையாக இருந்தால் பக்கத்து வீட்டு ஏணி உதவும். ஹார்வி மட்டும் பொமோனாவும் கிளேர்மான்ட் நகரில் அடுத்தடுத்த வளாகங்கள். அங்குள்ள ஐந்து இளநிலைக் கல்லூரிகளின் மாணவர்களும் ஒன்றில் இருந்துகொண்டே மற்றொன்றில் பாடம் எடுக்கலாம். ஸ்வார்த்மோர், ஹேவர்ஃபோர்டு, பிரின் மார் ஆகிய மூன்றும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தோடு கைகோத்திருக்கின்றன. ஆம்ஹெர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் மாணவர்கள் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் முதுநிலைப் பாடங்களைக்கூட முயன்று பார்க்கலாம். மாறாக கிரின்னலைச் சுற்றி இருப்பவை சோள வயல்கள். அங்கே எல்லாமே கல்லூரிக்குள்ளேதான்.

கணித மாணவர்களுக்கு இன்னொரு ஜன்னல் ஹங்கேரியில் திறந்திருக்கிறது. 1985ல் தொடங்கிய 'புடாபெஸ்ட் செமஸ்டர்ஸ் இன் மேத்தமேடிக்ஸ்' திட்டத்தில் ஒரு பருவம் முழுவதும் ஹங்கேரியப் பேராசிரியர்களிடம் ஆங்கிலத்தில் கணிதம் மட்டுமே படிக்கலாம். கல்லூரியின் உதவித்தொகை அங்கேயும் கூட வருமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

கோடையில் ஒரு கண்ணிவெடி

அமெரிக்க அறிவியல் மாணவரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கோடை விடுமுறை. அந்தப் பத்து வாரங்களில் ஆய்வு செய்தவருக்கே நல்ல பி.எச்டி. இடம் கிடைக்கிறது. இதற்காக அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்தும் ஆர்.இ.யு. என்ற திட்டம் புகழ்பெற்றது. கல்லூரிச் சிற்றேடுகள் இதைப் பெருமையோடு குறிப்பிடும். ஆனால் அறக்கட்டளையின் பணத்தில் இடம் பெற அமெரிக்கக் குடியுரிமை அல்லது நிரந்தரக் குடியிருப்பு உரிமை வேண்டும். மாணவர் விசாவில் போகும் இந்தியருக்கு அந்தப் பணம் இல்லை.

ஆகவே இந்திய மாணவர் கேட்க வேண்டிய கேள்வி, "கோடை ஆய்வு உண்டா?" என்பதல்ல. "கல்லூரியின் சொந்தப் பணத்தில், வெளிநாட்டு மாணவருக்கும் கோடை ஆய்வு உண்டா? எத்தனை பேருக்கு? எந்த ஆண்டிலிருந்து?" என்பதே. வசதியான கல்லூரிகள் பலவற்றில் இதற்கென்றே நிதி இருக்கிறது. வில்லியம்ஸில் 1988 முதல் நடக்கும் 'ஸ்மால்' என்ற கணிதக் கோடை ஆய்வு, இளநிலை மாணவர்களும் அசல் ஆய்வுக் கட்டுரை எழுத முடியும் என்று காட்டிய முன்னோடிகளில் ஒன்று.

நான்காம் ஆண்டில் என்ன கேட்கிறார்கள் என்பதும் கல்லூரியின் குணத்தைச் சொல்லிவிடும். ரீடில் எல்லா மாணவர்களுக்கும் ஓராண்டு ஆய்வேடு கட்டாயம். கார்ல்டனில் ஒவ்வொரு துறையிலும் இறுதித் திட்டம் ஒன்றை முடித்தே தீர வேண்டும். வில்லியம்ஸில் கணித மாணவர் ஒவ்வொருவரும் துறையினர் முன்பு நின்று ஒரு உரை நிகழ்த்த வேண்டும். ஹார்வி மட்டில் 1963 முதல் நடக்கும் 'கிளினிக்' திட்டத்தில் மாணவர் குழு ஒரு நிறுவனத்தின் நிஜமான பிரச்சினையை ஓராண்டு எடுத்துத் தீர்க்கிறது. ஆய்வில் ஆசை உள்ளவருக்கு ரீட் சரி. தொழிலில் ஆசை உள்ளவருக்கு ஹார்வி மட் பொருந்தும். இரண்டையும் ஒரே தரவரிசையில் ஐந்தாவது, ஐம்பதாவது என்று வைப்பதால் யாருக்கும் பயனில்லை. ரீட் கல்லூரி 1995லேயே பிரபல தரவரிசைப் பத்திரிகைக்குத் தகவல் அனுப்புவதை நிறுத்திவிட்டது.

கம்ப்யூட்டர் சயன்ஸ் என்று போகிறவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். இந்தத் துறையில் மாணவர் கூட்டம் பெருகிய வேகத்தில் ஆசிரியர்கள் பெருகவில்லை. சில கல்லூரிகளில் மேல்நிலை வகுப்புக்குக் குலுக்கல் நடத்த வேண்டியிருந்தது. பொறியியல் வேண்டுபவர்கள் ஸ்வார்த்மோர், ஹார்வி மட், ஸ்மித், லஃபாயட், பக்னெல், யூனியன் போன்று அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம் உள்ள சிலவற்றைப் பார்க்கலாம். மூன்றாண்டு இங்கே, இரண்டாண்டு ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் என்ற கூட்டுத் திட்டமும் பல இடங்களில் உண்டு. ஆனால் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு வெளிநாட்டவருக்கு உதவித்தொகை கிடைப்பது அரிது. மூன்று ஆண்டு கழித்துத் தெரியவந்தால் குடும்பம் தாங்காது.

பையைத் தடவும் நேரம்

பெயர்பெற்ற கல்லூரிகளில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. டாலருக்கு 85 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 68 லட்சம் ரூபாய். நான்கு ஆண்டுக்கு இரண்டே முக்கால் கோடி. இதை முழுதாகக் கொடுக்கக்கூடிய குடும்பங்களுக்கு யோசனை தேவையில்லை. மற்றவர்களுக்கு எல்லாமே உதவித்தொகை விதிகளில் இருக்கிறது.

இந்த விதிகளில் இரண்டு வகை. சில கல்லூரிகள் மாணவருக்குப் பணம் தேவையா என்று பார்க்காமலேயே தேர்ந்தெடுத்து, பிறகு தேவையான முழுத் தொகையையும் தருகின்றன. வெளிநாட்டவருக்கும் இந்தச் சலுகையை நீட்டும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆம்ஹெர்ஸ்ட் 2008லும், போடின் 2022லும் இதை அறிவித்தன. மற்றவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையையும் பார்த்தே இடம் தருகின்றன. அதாவது, எவ்வளவு அதிகம் கேட்கிறீர்களோ, போட்டி அவ்வளவு கடுமை. ஆனால் தேர்ந்தெடுத்துவிட்டால் தேவை முழுவதையும் ஈடுசெய்யும் கல்லூரிகளும் அவற்றில் உண்டு. எனவே 80,000 என்ற விலைச்சீட்டைப் பார்த்து நடுத்தரக் குடும்பம் ஓடிவிடவும் வேண்டாம். கிடைத்துவிடும் என்று மிதப்பாக இருக்கவும் வேண்டாம்.

ஏமாற்றம் நிகழும் இடங்கள் மூன்று. முதலாவது, சேரும்போது உதவி கேட்காவிட்டால் பிறகு கேட்க முடியாது என்ற விதி. பல கல்லூரிகளில் வெளிநாட்டவருக்கு இது உண்டு. முதலாண்டை எப்படியோ சமாளித்துவிட்டு இரண்டாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு பலிக்காது. இரண்டாவது, 'எர்லி டிசிஷன்' என்ற முன்கூட்டிய விண்ணப்பம். நவம்பரிலேயே போட்டுவிடலாம். வாய்ப்பு சற்றுக் கூடும். ஆனால் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். உதவித்தொகை போதாது என்ற காரணத்துக்காக மட்டுமே விலக முடியும். பல கல்லூரிகள் தரும் தொகையை ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்கள் ஜனவரி விண்ணப்பத்துக்குக் காத்திருப்பது நல்லது. மூன்றாவது, ரூபாயின் மதிப்பு. கல்லூரியின் உதவி டாலரில் நிலையாக இருந்தாலும் குடும்பத்தின் பங்கு ரூபாயில் ஏறிக்கொண்டே போகும்.

இதையெல்லாம் ஊகிக்க வேண்டியதில்லை. 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தைப் பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதன் 'எச்' பகுதியில் எத்தனை வெளிநாட்டு மாணவருக்கு உதவி கிடைத்தது, சராசரி எவ்வளவு என்ற எண்கள் இருக்கும். 'ஐ' பகுதியில் எத்தனை வகுப்புகளில் இருபது பேருக்குக் குறைவு, எத்தனையில் ஐம்பதுக்கு மேல் என்ற விவரம். ஆலோசகரின் ஒரு மணி நேரப் பேச்சைவிட இந்த இரண்டு பக்கங்கள் அதிகம் சொல்லும்.

சிறிய கல்லூரிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அது மூடப்படலாம். நியூயார்க் மாநிலத்தின் வெல்ஸ் கல்லூரி 1868ல் தொடங்கியது. 2024ல் பணநெருக்கடியால் மூடப்பட்டது. அதே ஆண்டு அலபாமாவின் பர்மிங்ஹாம் - சதர்ன் கல்லூரியும் மூடப்பட்டது. கிரின்னல், ஸ்வார்த்மோர் போன்றவற்றின் அறக்கட்டளை நிதி 200 கோடி டாலருக்கு மேல். அவற்றுக்கு ஆபத்தில்லை. ஆனால் பெயர் தெரியாத கல்லூரி ஒன்று தாராளமாகத் 'தகுதி உதவித்தொகை' அறிவித்தால், அதன் நிதி நிலையையும் மாணவர் எண்ணிக்கை கூடுகிறதா, குறைகிறதா என்பதையும் பார்த்துவிட்டே முன்பணம் கட்ட வேண்டும்.

வீட்டுக்குப் பக்கத்தில்

இவ்வளவு தூரம் போய்த்தான் ஆக வேண்டுமா? அவசியமில்லை. இந்தியாவிலும் இந்த வழி மெல்லத் திறந்துவருகிறது. சோனிபட்டில் 2014ல் தொடங்கிய அசோகா பல்கலைக்கழகம், பெங்களூரில் அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், சென்னையிலிருந்து போகும் தூரத்தில் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் இருக்கும் கிரியா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் அறிவியலையும் மானுடவியல் துறைகளையும் கலந்து படிக்கலாம். தனியார் இடங்களில் தங்கும் செலவோடு ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டுவதும் உண்டு. ஆனாலும் அமெரிக்கச் செலவில் அது சிறு பங்கு. இங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி அதேதான். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் என்ன நடக்கிறது?

கணிதம் மட்டுமே மூச்சு என்பவருக்குப் பதில் இன்னும் எளிது. சென்னை கணிதவியல் கழகம் 1998 முதல் இளநிலைப் பட்டம் நடத்துகிறது. கணித ஆழத்தில் அமெரிக்காவின் சிறிய கல்லூரிகள் பலவற்றைவிட அது முன்னே நிற்கும். கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கிறது. ஆய்வுக்கூட அறிவியலுக்கு ஐசர் நிறுவனங்கள் 2006 முதலும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டுப் பட்டம் 2011 முதலும் உள்ளன. இவற்றின் கட்டணம் தனியார் பல்கலைகளோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. நுழைவுத் தேர்வுதான் மலை.

அப்படியானால் அமெரிக்கச் சிறு கல்லூரி யாருக்கு? பதினேழு வயதில் இயற்பியலா, தத்துவமா, நரம்பியலா என்று இன்னும் முடிவு செய்யாதவருக்கு. கணக்கையும் விடமுடியாமல், இசையையும் விடமுடியாமல் இருப்பவருக்கு. கேள்வி கேட்டால் ஆசிரியர் கோபிப்பாரோ என்று தயங்கித் தயங்கியே வளர்ந்து, கேட்டால் மலர்ந்துவிடக்கூடியவருக்கு. பிறகு ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. செய்யப் போகிறவருக்கு. அப்போது எல்லோருக்கும் தெரிந்த பெயர் தானாகவே வந்துசேரும். யாருக்கு இல்லை? எது வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்து, அதில் முதுநிலைப் பாடங்களைப் பத்தொன்பது வயதிலேயே விழுங்கத் துடிப்பவருக்கு இல்லை. விமானப் பொறியியல் போன்ற தனித்துறை வேண்டுபவருக்கு இல்லை. பட்டம் முடித்து முதல் ஆண்டிலேயே கடனை அடைக்க வேண்டிய குடும்பத்துக்கு நிச்சயமாக இல்லை. அறிவியல், கணிதப் பட்டதாரிகள் படிப்புக்குப் பின் ஓராண்டும், 2016ன் விதிப்படி மேலும் இரண்டு ஆண்டும் அங்கே வேலை பார்க்க வழி உண்டு. ஆனால் விசா விதிகள் நிலையானவை அல்ல. அவற்றை நம்பிக் கடன் வாங்குவது மணலில் அஸ்திவாரம் போடுவது.

கேட்டுத் தெளிய ஏழு கேள்விகள்

1. கடந்த இரண்டு ஆண்டுகளில் என் துறையில் உண்மையில் நடந்த மேல்நிலைப் பாடங்கள் எவை?

2. துறையில் நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர்? நான் படிக்கும் காலத்தில் எத்தனை பேர் விடுப்பில் அல்லது ஓய்வில் போகிறார்கள்?

3. கல்லூரியின் சொந்தப் பணத்தில் வெளிநாட்டு மாணவருக்குக் கோடை ஆய்வு கிடைக்குமா?

4. பாடங்கள் தீர்ந்துபோனால் பக்கத்துக் கல்லூரியிலோ வெளிநாட்டிலோ படிக்க வழி உண்டா? உதவித்தொகை கூடவே வருமா?

5. கடந்த ஐந்து ஆண்டுகளில் இத்துறைப் பட்டதாரிகள் எங்கே போனார்கள்? மிகச் சிறந்த ஒருவரை விடுங்கள், நடுவில் நின்றவர் எங்கே போனார்?

6. வெளிநாட்டு மாணவரின் பணத்தேவை தேர்வைப் பாதிக்குமா? பின்னால் உதவி கேட்க முடியுமா?

7. என் வகுப்பில் நுழைய குலுக்கலோ இரண்டாம் ஆண்டில் இன்னொரு தேர்வோ உண்டா?

இவற்றைத் துறைத் தலைவருக்கே மின்னஞ்சலில் எழுதிக் கேட்கலாம். சிறிய கல்லூரி என்று பெருமைப்படும் இடத்தில் பதில் சில நாட்களில் வரும். வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.